நான்கு வாசல்

தாய்வீடு என்னும் சொல்லைத் தமிழர் உச்சரிக்கும்போது குரலில் தானாகவே ஒரு குழைவு வந்து சேரும். மணமாகிச் சென்ற மகளை ஆடிக்கும் தீபாவளிக்கும் அழைத்துச் சீர் செய்யும் வீடு அது. தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டி வந்து கண்போல் காக்கும் வீடும் அதுவே. ஆனால் அதே மகள், அழைப்பு ஏதுமின்றி, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் குழந்தையுமாய் அகால வேளையில் வந்து நின்றாளானால், அவளைக் குறிக்க நம்மிடம் வேறொரு சொல் ஆயத்தமாக இருக்கிறது. ‘வாழாவெட்டி’ என்பது அச்சொல். அவளை அடித்துத் துரத்தியவனைக் குறிக்க அப்படியொரு தனிச்சொல்லை நாம் ஆக்கி வைக்கவில்லை. மாறாக, ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று அவன் கைக்கு ஒரு நற்சான்றிதழையே வழங்கியிருக்கிறோம்.

ஊரைவிட்டு வந்து வடக்கே வாழும் நம் குடும்பங்களில் இந்தத் துன்பத்துக்கு இன்னொரு முடிச்சும் விழுந்துவிடுகிறது. தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ கணவன் வீட்டில் அடிபட்ட பெண், மாலைப் பேருந்தைப் பிடித்தால் விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் தாய்வீட்டுத் திண்ணையை அடைந்துவிடக் கூடும். தில்லியில் அடிபடுகிறவளுக்கோ தாய்வீடு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இரண்டு இரவுகள் ரயிலில் கழிய வேண்டும், முன்பதிவு வேண்டும், பணம் வேண்டும். காவலரிடம் முறையிடலாம் என்றால் இந்தி வேண்டும். தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடம் சொல்லலாம் என்றாலோ, அவர்கள் யாவரும் முதலில் கணவனுக்குத் தெரிந்தவர்கள். பிறகுதான் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஆகவே அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழக் கற்றுக் கொள்கிறாள்.

இது எங்கோ ஒரு குடிகாரன் வீட்டில் நடக்கும் செய்தி என்று எண்ணி ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அக்கணக்கு நூற்றுக்கு 38. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்பதாக நாம் பெருமை பேசும் மாநிலத்தின் கணக்கு அது. நாடு முழுவதிலும் இவ்வாறு துன்புற்ற பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே என்று அதே ஆய்வு தெரிவிக்கிறது. மற்றவர்கள் ஏன் போகவில்லை? எங்கே போவது என்னும் கேள்விக்கு விடை இல்லாததே பெருங்காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். அக்கருத்து எங்களுக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்ததன்று. இருபது வயதில், அமிர்தசரசில், பொற்கோயிலின் பாத்திரம் துலக்கும் தொட்டியருகே நின்றபோது கிடைத்தது.

நாங்கள் என்பது அன்று தில்லிக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. இறுதியாண்டு பயின்ற தமிழ்ப் பெண்கள் மூவர். இன்று ஒருத்தி பெங்களூரில் ஆசிரியை. ஒருத்தி சென்னையில் இல்லத்தரசி. ஒருத்தி இத்தலைநகரிலேயே மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். இதை எழுதும் கை எழுத்தருடையது. நினைவு மூவருக்கும் பொது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். எங்களோடு பயின்ற சீக்கியத் தோழி ஒருத்தி, தன் பாட்டி அமிர்தசரசில் இருப்பதாகவும், பொற்கோயிலைக் காட்ட எங்களை அழைத்துச் செல்வதாகவும் கூறினாள். அவளுடைய தமையனும் துணைக்கு வருவதாக ஏற்பாடு. எங்கள் வீடுகளில் அனுமதி பெறுவது எளிதாக இல்லை. “கோயிலுக்குத்தானே கேட்கிறார்கள், போய்விட்டு வரட்டுமே” என்று ஒரு தாயார் பரிந்து பேசியதில் மற்ற இரு வீடுகளும் இணங்கின. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிப் பொட்டலங்களுடன் ஷான்-எ-பஞ்சாப் ரயிலில் ஏறினோம். பானிப்பட், அம்பாலா, லூதியானா, ஜலந்தர் என்று ஊர்கள் கழியக் கழிய, இருபுறமும் கடுகுப் பூக்களின் மஞ்சள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. பெற்றோர் துணையின்றி நாங்கள் மேற்கொண்ட முதல் பயணம் அது. பிற்பகலில் அமிர்தசரசை அடைந்தபோது, தோழியின் பாட்டி வெள்ளைத் துப்பட்டாவுடன் நடைமேடையில் காத்திருந்தார். ‘பீஜி’ என்று தோழி அழைத்தாள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம்.

மறுநாள் விடியற்காலையில் கோயிலுக்குச் சென்றோம். தலையை மூடிக்கொண்டு, நுழைவாயிலில் ஓடும் நீரில் கால் நனைத்து உள்ளே போனால், படிகள் மேலே ஏறாமல் கீழே இறங்குகின்றன. ஓங்கிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய எங்களுக்கு அது புதுமையாக இருந்தது. இறைவன் முன் வருபவர் தாழ்ந்து வரவேண்டும் என்பதற்காகத் தரையைவிடத் தாழ்வாக இதை அமைத்தார்கள் என்றார் பீஜி. நான்காம் குருவாகிய ராம்தாஸ் 1577ஆம் ஆண்டு வெட்டத் தொடங்கிய திருக்குளம் அது. அவருடைய மகன் குரு அர்ஜன் நீர் நடுவே கோயிலை எழுப்பி, 1604ஆம் ஆண்டு ஆதி கிரந்தத்தை அங்கு எழுந்தருளச் செய்தார். பின்னாளில் மகாராஜா ரஞ்சித் சிங் பொன் வேய்ந்தார். எல்லாவற்றையும்விட எங்கள் மனத்தில் பதிந்தது கோயிலுக்கு நான்கு திசைகளிலும் வாசல் இருந்ததுதான். எந்தச் சாதியாரும், எந்தச் சமயத்தாரும், எத்திசையிலிருந்தும் வரலாம் என்பது அதன் பொருள்.

குளத்தின் கீழ்க்கரையில் ஓர் இலந்தை மரம் நிற்கிறது. ‘துக்க பஞ்சனி பேரி’ என்று பெயர். துயர் துடைக்கும் இலந்தை என்று தமிழில் சொல்லலாம். அதன் நிழலில் அமர்ந்து பீஜி எங்களுக்கு ரஜனியின் கதையைச் சொன்னார். பட்டி என்னும் ஊரில் துனி சந்த் என்றொரு வரி வசூல் அதிகாரி இருந்தான். அவன் ஒரு நாள் தன் பெண்களை அழைத்து, “உங்களுக்குச் சோறு போடுவது யார்?” என்று கேட்டான். மற்றப் பெண்கள் “நீங்கள்தான் அப்பா” என்றார்கள். இளையவளாகிய ரஜனி மட்டும் “கடவுள்” என்றாள். சினங்கொண்ட தந்தை அவளை ஒரு தொழுநோயாளிக்கு மணம் முடித்துத் துரத்திவிட்டான். அவள் கணவனைக் கூடையில் வைத்துச் சுமந்து ஊர் ஊராக இரந்து உண்பித்தாள். ஒரு நாள் இந்த மரத்தடியில் அவனை இறக்கி வைத்துவிட்டு உணவு தேடிப் போனாள். அப்போது கரிய காக்கைகள் இந்நீரில் மூழ்கி வெண்மையாக எழுவதைக் கண்ட அவன், தானும் தவழ்ந்து சென்று நீரில் இறங்கினான், நோய் நீங்கினான். திரும்பி வந்த ரஜனி முதலில் அவனை நம்பவில்லை. தன் கணவனைக் கொன்றுவிட்டு வேடமிட்டு நிற்கும் வேற்றாள் என்றே எண்ணினாள். குருவிடம் சென்ற பின்னரே தெளிந்தாள்.

கதையைக் கேட்டதும் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். கூடையில் கணவனைச் சுமந்தவள் எங்களுக்குப் புதியவள் அல்லள். நளாயினியின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பெண் அக்காலத்தில் யார் இருந்தார்? தொழுநோய் பிடித்த கணவன் விரும்பினான் என்பதற்காக அவனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்கே கொண்டு சென்றவள் என்று எங்கள் பாட்டிமார் சொல்லியிருந்தார்கள். பொறுமைக்கு அவளே இலக்கணம் என்பது அவர்கள் முடிபு. இதை நாங்கள் சொன்னபோது பீஜி தலையசைத்தார்.

“எங்கள் ஊரிலும் ரஜனி கணவனைச் சுமந்ததைத்தான் எல்லாரும் சொல்லுகிறார்கள். நான் என் பேத்திகளுக்குச் சொல்லுவது வேறு. அப்பன் கையில் சோறும் இருந்தது, கோலும் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து, நீ எனக்குச் சோறு போடுகிறவன் அல்லன் என்று அவள் சொன்னாளே, கதை அங்கேதான் தொடங்குகிறது” என்றார்.

அதன் ஆழம் அன்று பிற்பகலிலேயே எங்களுக்குப் புலனாயிற்று. குரு ராம்தாஸ் லங்கரில், சாதாரண நாள்களிலேயே 50,000 பேருக்கு மேல் உண்பதாகச் சொல்லப்படும் அந்த அன்னசாலையில், வரிசையில் தரையில் அமர்ந்தோம். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும் என்பது முறை. பருப்பும் ரொட்டியும் பாயசமும் வந்தன. யார், எந்த ஊர், என்ன குலம், கணவன் எங்கே என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. குரு நானக் தொடங்கிய இம்மரபை வளர்த்தவர்களுள் ஒருவர், இரண்டாம் குரு அங்கதின் மனைவியாகிய மாதா கீவி. அவருடைய பெயரைக் குரு கிரந்த சாகிபே போற்றுகிறது என்று பீஜி பெருமையுடன் சொன்னார். மூன்றாம் குரு அமர்தாஸ் உடன்கட்டையையும் முகத்திரையையும் கண்டித்தவர் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

உண்டபின் பாத்திரம் துலக்கும் தொண்டுக்குச் சென்றோம். ஆயிரக்கணக்கான எஃகுத் தட்டுகள் தொட்டிகளில் விழும் ஓசை இடைவிடாத மழைபோல் இருந்தது. எங்களை அடுத்து நின்று துலக்கிய பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வலக்கண்ணின் கீழே நீலம் பாரித்திருந்தது. அருகே, சுவரோரம் விரித்த சால்வையில் நான்கு வயதுப் பெண்குழந்தை உறங்கிற்று. அவள் பிறர் தட்டுகளையும் இழுத்து இழுத்துத் துலக்கிக் கொண்டிருந்தாள். கை ஓய்ந்துவிடக் கூடாது என்று அஞ்சுபவள் போல.

பீஜி அவளிடம் ஏன் வீட்டை விட்டு வந்தாய் என்று கேட்கவில்லை. “இன்றிரவு எங்கே படுப்பாய்?” என்று மட்டும் கேட்டார். அவள் உடைந்து அழுதாள். தரன் தாரன் பக்கத்துக் கிராமம் அவளுடையது. கோயிலின் சத்திரத்தில் இரு இரவுகள் கழித்தாயிற்று. மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது என்பது விதி. தாய்வீடு ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்தது. முன்பு இருமுறை அங்கே போனவளை அண்ணன்மார் மறுநாளே கணவன் வீட்டில் கொண்டு விட்டிருந்தார்கள்.

அன்றிரவு அவளும் குழந்தையும் பீஜியின் வீட்டில் எங்களோடு உறங்கினார்கள். மறுநாள் பீஜி, தம் தெருவிலிருந்து இரு மூதாட்டிகளையும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அவளுடைய தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நாங்களும் உடன் சென்றோம். அண்ணன்மார் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர் என்ன சொல்லும், கணவனோடு சமாதானம் செய்து வைக்கிறோம், எங்கள் பெண்களுக்கு நாளைக்கு மணமாக வேண்டாமா என்று அவர்கள் சொன்னவையெல்லாம், மொழியை மாற்றினால், எங்கள் தெருவிலும் கேட்கக் கூடியவையே. “எருமைக்குக் கூரை போட்டிருக்கிறீர்கள். பெண்ணுக்கு ஒரு கட்டில் போட இடமில்லையா?” என்று பீஜி கேட்டார். விடையில்லை. அப்போது மூத்த அண்ணனின் மனைவி உள்ளிருந்து வந்தாள். யாரையும் நிமிர்ந்து பாராமல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பின் ஆண்கள் பேசவில்லை. அவள் தங்குவது முடிவாகிவிட்டது.

தோழியின் வாயிலாகப் பின்னர் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அந்தப் பெண் தையல் கற்றாள். பராமரிப்புத் தொகைக்கு வழக்குத் தொடுத்து, ஈராண்டு அலைந்து, சிறுதொகை ஒன்று பெற்றாள். ஆனால் ஏழாண்டுகள் சாணமிட்டு மெழுகிய தன் வீட்டில் மறுபடி கால் வைக்க அவளுக்கு உரிமை இருக்கவில்லை. அன்றைய சட்டத்தில் அவள் கணவனைச் சிறைக்கு அனுப்ப வழி இருந்தது. அவளை வீட்டுக்குள் இருத்த நேரான வழி இல்லை.

பஞ்சாபை இலட்சிய நாடாக்கிக் காட்டுவது எங்கள் நோக்கமன்று. நாங்கள் சென்று வந்த அதே 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, பஞ்சாபில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண்குழந்தைகள் 798 பேரே இருந்ததைக் காட்டிற்று. பெண்கருவை அழிப்பதற்கு எதிராக அகால் தக்த் ஆணை பிறப்பிக்க நேர்ந்ததும் அவ்வாண்டிலேதான். நான்கு வாசல் வைத்த கோயிலை வணங்கும் மக்களும், வீட்டுக்குத் திரும்பியதும் மகளுக்குக் கதவைச் சாத்தத் தயங்குவதில்லை. கண்ணகிக்குக் கோயில் எடுத்த மரபில் வந்த நாமும் அவர்களைக் குறை கூறும் தகுதியில் இல்லை.

சட்டம் இவ்விடத்துக்கு வந்து சேர்ந்த வழி நீண்டது. வரதட்சணைத் தடைச்சட்டம் 1961ஆம் ஆண்டே வந்தது, ஏட்டில் இருந்தது. 1979ஆம் ஆண்டு தில்லித் தெருக்களில் பெண்கள் ஊர்வலமாகச் சென்று, ‘அடுப்பு வெடித்தது’ என்று எழுதி மூடப்பட்ட மரணங்களைக் கொலை என்று உரக்கச் சொன்னார்கள். அவ்வாண்டு மகளை இழந்த சத்யராணி சட்டா என்னும் தாய் நடத்திய வழக்கு முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவரும், அவரைப் போலவே மகளைப் பறிகொடுத்த ஷாஜகான் ஆபாவும் சேர்ந்து 1987ஆம் ஆண்டு தில்லியில் ‘சக்தி சாலினி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, துரத்தப்பட்ட பெண்களுக்குப் புகலிடம் அமைத்தார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இறந்த மகள்களுக்காக நீதிமன்றம் ஏறி அலுத்தவர்கள், உயிரோடிருக்கும் மகள்களுக்கு முதலில் தேவை ஒரு கூரை என்பதைக் கண்டார்கள்.

1983ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, மனைவியைக் கொடுமைப்படுத்துவது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 85, 86ஆம் பிரிவுகளாக இடம்பெற்றுள்ளது. எனினும் கணவன் சிறை செல்வதைப் பல பெண்கள் விரும்புவதில்லை. அவர்கள் வேண்டுவது அடி நிற்பதும், தலைக்கு மேல் கூரையும், பிள்ளைகளுக்குச் சோறுமே. இதை உணர்ந்து 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்ததே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம்.

அச்சட்டத்தின் உயிர்நாடி என்று நாங்கள் கருதுவது வசிப்புரிமை. வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடாயினும், அவள் குடியிருந்த வீட்டிலிருந்து அவளைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்ற முடியாது. அடித்தல் மட்டுமன்றி, இழிசொல்லும், பணத்தை முடக்கிப் பட்டினி போடுவதும், பாலியல் கொடுமையும் வன்முறையே என்று அது வரையறுக்கிறது. மனைவி மட்டுமன்றித் தாயும் சகோதரியும் மகளும் அதன் பாதுகாப்பை நாடலாம். பாதுகாப்பு அலுவலர் என்றொருவர் மனுவைப் பெற்று நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாள்களுக்குள் தொடங்க வேண்டும். மாமனார் மாமியார் பெயரிலுள்ள வீடாயினும் மருமகள் வாழ்ந்த வீடு என்றால் அவள் வசிப்புரிமை கோரலாம் என்று உச்சநீதிமன்றம் 2020ஆம் ஆண்டு தெளிவுபடுத்தியது. தரன் தாரன் பெண்ணுக்கு இச்சட்டம் ஐந்தாண்டுகள் தாமதமாக வந்தது.

தாமதமின்றி வந்தும், எட்டிப் பிடிக்க உதவி தேவைப்பட்ட ஒருத்தியை இத்தலைநகரில் கண்டோம். இங்கே நாங்கள் என்பது ஒரு அரசுக் குடியிருப்பில் ஒரே படிக்கட்டைச் சேர்ந்த பெண்கள்: தமிழ்க் குடும்பத்தினர் மூவர், வங்காளப் பெண் ஒருவர், பஞ்சாபி மூதாட்டி ஒருவர். 2012ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாடி வீட்டுக்கு ஒரு புதுமணப் பெண் வந்தாள். காவிரிக்கரைக் கிராமத்தவள், பள்ளியிறுதி வரை படித்தவள், இந்தியில் ‘பையா’, ‘கித்னா’ என்னும் இரு சொற்களுக்கு மேல் அறியாதவள். கணவன் நல்ல வேலையில் இருந்தான். பொங்கல் விழாவில் முன்னின்று பந்தி பரிமாறுகிறவன். அரசுக் குடியிருப்பின் சுவர்கள் கனமற்றவை. முதல் மாதத்திலேயே எங்களுக்குச் செய்தி எட்டிவிட்டது.

நாங்கள் அப்போது எந்தச் சட்டத்தையும் புரட்டவில்லை. சத்தம் கேட்டவுடன் யாராவது ஒருத்தி மாடிக்குப் போய் அழைப்பு மணியை அழுத்துவாள். “உறைமோர் கொஞ்சம் இருக்கிறதா?” என்று கேட்பாள். மறுமுறை கறிவேப்பிலை, அடுத்த முறை மண்ணெண்ணெய்த் திரி. பஞ்சாபி மூதாட்டிக்கு உறைமோரின் பெயர் தெரியாது. அவர் வெறுங்கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றுவிடுவார். கதவைத் திறக்க வேண்டி வந்ததால் ஓங்கிய கை இறங்கும். 2008ஆம் ஆண்டில் ‘மணியை அடியுங்கள்’ என்னும் பொருள்பட நாடெங்கும் ஓர் இயக்கம் நடந்ததையும், தொலைக்காட்சியில் அதன் விளம்பரங்கள் வந்ததையும் அன்பர்கள் நினைவு கூரலாம். அது சொன்னதும் இதுவே.

மணியோசை அன்றைய அடியைத்தான் நிறுத்தும். நாளைய அடியை நிறுத்தாது. அவள் ஒரு நாள் கீழே வந்து, “அக்கா, எனக்கு ஊருக்குப் போக முடியாது. தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை” என்றாள். கோப்பு எழுதிப் பிழைப்பவர்க்கு ஒன்று தெரியும்: தேதியிட்டு எழுதி வைக்காத செயல் நடவாத செயலுக்குச் சமம். ஆகவே, நடந்தவற்றை நாள், நேரம் குறித்து எழுதி வைக்கச் சொன்னோம். அவள் தன் கோல நோட்டின் பின்பக்கங்களில் எழுதினாள். ஆண்கள் திறந்து பாராத புத்தகம் அது. நான்கு மாதங்களில் பதினொரு பக்கங்கள் நிறைந்தன. அந்தப் பக்கங்களுடன் அவளைப் பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துச் சென்றோம். அவள் தமிழில் சொல்ல, நாங்கள் இந்தியில் சொல்ல, படிவம் நிரம்பிற்று. ஓரிடத்தில் அலுவலர், “முதல் அடி எப்போது?” என்று கேட்டார். நாங்கள் மொழிபெயர்த்தோம். அவள் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “தலைத் தீபாவளியன்று” என்றாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள். அதை இந்தியில் சொல்ல எங்களுக்குச் சொற்கள் உடனே கிடைக்கவில்லை.

அவளை வெளியேற்றக் கூடாது, துன்புறுத்தக் கூடாது, மாதந்தோறும் செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று நடுவர் இடைக்கால ஆணை பிறப்பித்தார். சட்டம் கூறும் 60 நாள்களில் வழக்கு முடியவில்லை. பதினான்கு மாதங்கள் ஓடின. ஆணையின் நகலைப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதே வீட்டில் ஈராண்டு வாழ்ந்தாள். அக்காலத்தில் இந்தி கற்றாள். குழந்தைகள் காப்பகமொன்றில் வேலை தேடிக்கொண்டாள். பிறகு தன் விருப்பப்படியே பிரிந்து தனியே குடியேறினாள். அவள் ஊருக்குத் திரும்பவும் இல்லை. வாழாவெட்டி என்று யாரும் சொல்ல அவள் இடம் வைக்கவும் இல்லை.

இச்செயலில் எங்களுக்குக் கிடைத்தது வாழ்த்து மட்டுமன்று. மரியாதைக்குரிய பெரியவர்கள் சிலர், “வீட்டுக்குள் தீர்க்க வேண்டியதைத் தெருவுக்குக் கொண்டு வந்தீர்கள்; வடநாட்டார் முன் தமிழர் மானம் போயிற்று” என்றார்கள். வீட்டுக்குள் அது தீர்வதற்கு நான்கு மாதங்கள் இருந்தன, தீரவில்லை. மானம் என்பது அவன் கை ஓங்கியபோதே போயிற்றா, அவள் வாய் திறந்தபோது போயிற்றா என்று அவர்களையே கேட்டோம். வேறு சிலர், இச்சட்டங்களைப் பெண்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்களே என்றார்கள். அக்கேள்வியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆராயாமல் உடனே கைது செய்யலாகாது என்று உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்துள்ளது; அது முறையானதே. ஆனால் பொய் வழக்குப் போடுகிறவளைப் பற்றிப் பேசும் அளவுக்கு, வழக்கே போடாமல் குளியலறைக் குழாயைத் திறந்து வைப்பவளைப் பற்றி நாம் பேசுவதில்லை.

தமிழ்ச் சங்கங்கள் நமக்கு எத்தனையோ செய்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றன. பட்டிமன்றமும் இசையரங்கும் நடத்துகின்றன. வேலை தேடி வரும் இளைஞனுக்கு முதல் மாத அறைக்கு வழி காட்டுகின்றன. அவ்விளைஞனின் மனைவியாக வருபவளுக்கும் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் தமிழும் இந்தியும் நன்கறிந்த இரு பெண்களைச் சங்கம் தேர்ந்து, அவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் உறுப்பினர் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரிவிக்கலாம். 181 என்னும் பெண்கள் உதவி எண்ணையும், 2015 முதல் மாவட்டங்களில் ஏற்படுத்தப்பட்டுள்ள ‘சகி’ மையங்களையும் பற்றித் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு ஆண்டுமலரிலேயே சேர்க்கலாம். சங்கக் கட்டடத்தில் விருந்தினர் அறை உண்டு. அதில் ஒரு கட்டிலை மூன்று இரவுகளுக்கு, காரணம் கேளாமல் ஒரு பெண்ணுக்கு அளிப்பது என்று செயற்குழு தீர்மானம் இயற்றலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை. கணவனும் நம் உறுப்பினர் ஆயிற்றே என்னும் தயக்கம் ஒன்றைத்தான் செலவிட வேண்டும்.

ஊரில் மகளைப் பெற்று வடக்கே மணம் முடித்துக் கொடுக்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். சீரோடு சீராக, அவள் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் ஒரு ரயில் கட்டணமாவது எப்போதும் இருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். நாள் கிழமை பாராமல் வரலாம் என்று வாய்திறந்து சொல்லியும் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலிருந்தும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டிலிருந்தும் இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு. அவள் வந்து நிற்கும் திண்ணையில் அவளுக்கும் பாகம் இருக்கிறது. அவள் திரும்பி வருகிற நாளில் ஊருக்கு என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் பின்னால் கிடைக்கும். முதலில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள்.